டிரான்ஸம் மாற்றி மூன்று வருடம்: என் பழைய பைபர் படகு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கில் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனால் சீக்கிரமே பெர்னாம் ஆறு வந்துவிடும். இறால் தூண்டில் போட 16 அடி பைபர் படகு ஒன்று வைத்திருக்கிறேன். அதன் டிரான்ஸம், அதாவது எஞ்சின் மாட்டும் பின்பலகை (இரண்டு பைபர் தோலுக்கு நடுவே மரம்), இற்றுப்போய் நானே மாற்றி மூன்று வருடம் ஆகிறது.

மாற்றும் முன், எஞ்சினின் காலைப் பிடித்து ஆட்டினால் பலகையும் கூடவே அசையும். சுத்தியலால் தட்டினால் 'டக்' என்று வராமல் 'தொப்' என்றது. சின்னத் துளை போட்டேன். ஊறிய காப்பித்தூள் மாதிரி வந்து விழுந்தது, புளித்த வாடையோடு. அதற்கு முன் ஒரு பட்டறையில் மேலே இரண்டு அடுக்கு பைபர் பூசிக் கொடுத்திருந்தார்கள். பத்து மாதம் தாங்கியது. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் வேறென்ன நடக்கும்!

வெளித்தோலைத் தொடாமல் உள்தோலை மட்டும் வெட்டி எடுத்தேன். அப்படிச் செய்தால் படகின் வடிவம் கெடாது. மக்கிய மரத்தை உளியால் தோண்டியதைவிடக் காயவைத்ததுதான் பெரும்பாடு. மத்தியானம் ஆனால் மழை. தார்ப்பாய்க்கு அடியில் மின்விசிறி நாள்கணக்கில் ஓடியது. அப்புறம் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், அதாவது படகுக்கான ஒட்டுப்பலகை, இரண்டை ஒட்டி 36 மில்லி ஆக்கினேன். மரைன் என்றால் மக்காது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் தாங்குவது அதன் பசைதான், மரம் மரம்தான்.

ஒட்டவும் பைபர் பூசவும் பாலியஸ்டர், எப்பாக்ஸி என்று இரண்டு பிசின் உண்டு. பாலியஸ்டர் மலிவு. ஆனால் மரத்திலும் பழைய பைபரிலும் எப்பாக்ஸி போல அது பிடிக்காது. எப்பாக்ஸிக்கு நம்ம ஊர் வெயில் ஆகாது; சூடேறிச் சட்டென்று இறுகிவிடும். முதல் கலவையைக் கப்பில் நிறையக் கலந்தேன். கப் இளகிப் புகைந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, பொங்கலா வைக்கிற?" என்றார். அதற்குப் பிறகு விடிகாலையில், தட்டையான தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தேன்.

என்னைக் கேட்டால், டிரான்ஸத்தைக் கொல்வது போல்ட் துளைதான். 8 மில்லி போல்ட்டுக்கு 14 மில்லி துளை போட்டு, சிலிகா தூள் கலந்த எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியதும் அதன் நடுவில் 8 மில்லி துளைத்தேன். தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

இன்றுவரை அந்தத் துளைகளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தட்டினால் கல் மாதிரி சத்தம். சரி, எல்லாம் நல்லபடியா என்றால், இல்லை. போன வருடம் மீன் காட்டும் கருவிக்காக இரண்டு திருகை, சோம்பேறித்தனமாக சிலிகான் பசை மட்டும் தடவி நேராக முறுக்கிவிட்டேன். ஆறே மாதத்தில் திருகோரம் பழுப்புத் தண்ணீர் வடிந்தது. தோண்டிப் பார்த்தால் ஐம்பது காசு அகலத்துக்கு மரம் கறுத்திருந்தது. சுரண்டி, காயவைத்து, எப்பாக்ஸி ஊற்றி அடைத்தேன். இப்போது அந்தக் கருவி, வெளியே ஒட்டிய சின்னப் பலகைத் துண்டில் இருக்கிறது. இற்றால் அந்தத் துண்டோடு போகட்டும்.