பாசி பார்க்க ஒரு பாக்கெட் மைக்ரோஸ்கோப்

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கடையில் 850 ரூபாய்க்கு இதை வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 60 முதல் 120 மடங்கு வரை பெரிதாக்கும். சின்ன விளக்கு, ஒரு பேட்டரி, செல்போனில் மாட்ட ஒரு கிளிப். தேவகோட்டையில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தொண்டியில் கடல்பாசி வளர்க்கும் என் பழைய மாணவிக்காகத்தான் வாங்கினேன்.

அங்கே மூங்கில் மிதவையில் கயிறு கட்டி கப்பாஃபைகஸ் வளர்க்கிறார்கள். ஊர்வழக்கில் 'பெப்சி பாசி'. 45 நாளில் அறுவடை. அதற்குள் கயிற்றிலும் மூங்கிலிலும் பச்சைப் பாசி ஏறி, வெயிலை மறைத்துவிடும். "எல்லாம் பச்சையாத்தானே சார் இருக்கு, இதுல என்ன பிரிச்சுப் பார்க்கிறது?" என்று கேட்டாள்.

ஒரு கிள்ளு எடுத்து, கடல்நீரிலேயே அலசி, கண்ணாடித் துண்டில் பரப்பச் சொன்னேன். கிளையே இல்லாத நூல், மணி கோத்தது போல ஒற்றை வரிசையில் செல்கள் என்றால் கீட்டோமார்ஃபா. அதே நூல் கிளை விட்டிருந்தால் கிளாடோஃபோரா. இரண்டும் 60 மடங்கிலேயே பளிச்சென்று தெரிகின்றன. குழலாக இருந்து, சுவர் முழுக்கப் பொடிப்பொடியாகச் செல்கள் நெருங்கியிருந்தால் உல்வா. நான் வகுப்பில் என்டிரோமார்ஃபா என்று நடத்தியதும் இதைத்தான். 2003-இல் இரண்டையும் ஒரே பேரினமாகச் சேர்த்துவிட்டார்கள்.

இவ்வளவு பாடுபடக் காரணம் மஞ்சள் கடல். 2008-இல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டி நடக்கவிருந்த சீனாவின் சிங்டாவ் கரையை உல்வா புரோலிஃபெரா மூடியது. பத்து லட்சம் டன்னுக்கு மேல் அள்ளினார்கள். தெற்கே ஜியாங்சு கரையில் நோரி என்ற உண்ணும் கடல்பாசியை வளர்க்கும் மிதவைகளில் இருந்து சுரண்டிப் போட்ட பாசிதான் மிதந்து வடக்கே போய்ப் பெருகியது என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். கயிற்றில் ஒட்டியிருந்தவை பல உல்வாக்கள். கடலில் பெருகியது பெரும்பாலும் புரோலிஃபெரா என்ற அந்த ஓர் இனம்தான். அதனால்தான் எது எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று முன்கூட்டியே பார்ப்பது முக்கியமாகிறது.

உல்வாவுக்குள் இனம் பிரிக்க இந்தக் கருவி போதாது. அயோடின் விட்டால் செல்லுக்குள் பைரினாய்டு, அதாவது மாவுச்சத்து சூழ்ந்த சிறு மணி, கறுக்கும். அது ஒன்றா பலவா என்று எண்ண 400 மடங்காவது வேண்டும். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் மரபணுச் சோதனைதான். 120 மடங்கில் படத்தின் ஓரம் வேறு கலங்குகிறது. கிளிப் தடிமனான போனில் நிற்கவில்லை. எனக்கு நிஜமாகவே வருத்தம் தந்தது பேட்டரி ஸ்பிரிங்: உப்புக் காற்றில் மூன்றாம் மாதமே துருப்பிடித்தது, கடையில் மாற்றித் தரவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இப்போது மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறோம். அப்புறம் தொந்தரவு இல்லை.

ஆனாலும் கடலோரத்தில் மிதவை வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஞாயிறுதோறும் அதே கயிறு, அதே முடிச்சு என்று அவள் படம் எடுத்து அனுப்புகிறாள். மழைக்கு முன் நூல் பாசியாக இருந்த இடத்தில் மழைக்குப் பின் குழல் உல்வா ஏறியது படங்களில் வாரவாரமாகத் தெரிகிறது. சுரண்டிய பாசியைக் கடலில் தட்டாமல் சாக்கில் கட்டிக் கரைக்குக் கொண்டுவருகிறாள். பக்கத்து மிதவைக்காரர்களுக்காக இன்னொன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள். இந்த முறை ஸ்பிரிங்கைப் பார்த்துத்தான் வாங்குவேன்.