திஸ்கி, யூனிகோடு, டேஸ் 16: தமிழை எதில் சேமிப்பது?

திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் (எழுத்துகளுக்கு எண் தந்து சேமிக்கும் முறை) தட்டிய கோப்பை அதற்கான எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல் முக்கால் பின்னக்குறி, தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, சென்ட் குறி, கோடு போட்ட யூ என்று வந்து நிற்கும். கோப்பு கெடவில்லை. மொத்தம் 256 இடங்களில் முதல் 128 ஆங்கிலத்துக்குப் போக, மீதியில் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. அதே எண்களில்தான் ஐரோப்பிய எழுத்துகளும் இருந்தன. எது யாருடையது என்பதை எழுத்துருதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் திஸ்கியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1998-ல் தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டத்தின் நூல்கள் பல இதில்தான் இணையம் ஏறின. 1999-ல் தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு தரங்களைக் கொண்டுவந்ததும் ஒரே மொழிக்கு ஆளுக்கொரு வழி என்றாகிவிட்டது. மேலும், திஸ்கி கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிக்கும்: 'கொ' என்றால் கொம்பு, க, கால். அச்சுக்கு இது சுலபம், தேடலுக்குப் பெரும் தொல்லை.

உலக எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடு 1991-லேயே தமிழைச் சேர்த்துக்கொண்டது. அது மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கிறது. உலகின் எந்தக் கைப்பேசியிலும் தமிழ் தமிழாகவே தெரிவது அந்தத் தனி எண்களால்தான். குறைகளும் உண்டு. பைத்தான் என்ற நிரல்மொழியிடம் 'தமிழ்' எத்தனை எழுத்து என்று கேட்டால் 5 என்கிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூனிகோடைக் கோப்பில் எழுதும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8-ல் அது 15 பைட். அகரவரிசையும் நம்முடையது அல்ல. ந-வை ஒட்டியே ன, ர-வை ஒட்டியே ற. குறியெண்படி அடுக்கினால் அகராதி குழம்பும். வரிசைப்படுத்தத் தனி அட்டவணை வேண்டும்.

இந்தக் குறைகளுக்கு விடையாக வந்தது டேஸ் 16. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை முதன்மைத் தரமாகவும் இதை மாற்றுத் தரமாகவும் ஏற்றது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். 'தமிழ்' மூன்றே குறியெண். க் என்பதன் எண்ணோடு இகரத்தின் வரிசை எண்ணைக் கூட்டினால் கி கிடைக்கும். புணர்ச்சி பிரிக்கும் நிரல் எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி. இலக்கணத்தை நேசித்தவர்கள் செய்த வேலை இது என்று பார்த்ததுமே புரியும்.

ஆனால் அது குடியிருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். அங்குள்ள எண்ணுக்கு யாரும் எந்தப் பொருளும் தரலாம். டேஸ் எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கட்டங்கள்தான் தெரியும். திஸ்கியைப் படுத்திய அதே நோய்.

எனவே என் தீர்ப்பு: சேமிக்கவும் அனுப்பவும் யூனிகோடு மட்டுமே. டேஸ் வேண்டுமென்றால் நிரலுக்குள் மாற்றி, வேலை முடிந்ததும் திரும்ப யூனிகோடாக்கி வெளியே விடுங்கள்.

யூனிகோடு ஒருமுறை வைத்த எழுத்தை இடம் மாற்றாது, புதியதைச் சேர்க்கும். 2019-ல் பழைய பின்னக்குறிகள் பல வந்து சேர்ந்தன; கல்வெட்டும் பழங்கணக்கும் படிப்பவர்களுக்கு அது நல்ல வரவு. 2005-ல் ஶ சேர்ந்ததோ சிக்கலையும் கூட்டிவந்தது. ஸ-வில் தொடங்கினாலும் ஶ-வில் தொடங்கினாலும் ஸ்ரீ பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே வடிவம்தான். ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது. 'கொ'வையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம், ஆனால் அதை இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) சரிசெய்துவிடும். ஸ்ரீயை அது தொடுவதே இல்லை. பெயர்ப்பட்டியல் வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒன்றை முடிவுசெய்து, பழைய பதிவுகளை அதற்கே மாற்றிவிட வேண்டும்.