முகம் கவுத்து உக்கார்ற வாடகை சேர்: ஊருக்குப் பறக்க கிளியரன்ஸ் வர்ற வரைக்கும் என்னைத் தாங்குனது இதுதான்

நான் ஆர்மில இருக்கேன், ஐநா அமைதிப்படை மிஷன்ல வெளிநாட்டு டியூட்டி. எங்க பேட்ச் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது வலது கண்ணு ஓரத்துல பளிச் பளிச்னு மின்னுச்சு, கூடவே கருப்புப் புள்ளிங்க பறக்குது, தூசியா இருக்கும்னு தண்ணி அடிச்சு கழுவிட்டு டியூட்டிக்குப் போயிட்டேன். மறுநாள் கீழ இருந்து திரை மாதிரி ஒண்ணு ஏறி பாதி பார்வையை மறைச்சிடுச்சு. கேம்ப்ல இருக்கறது லெவல் 1 கிளினிக், அங்க இதுக்கெல்லாம் வசதி கிடையாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. விழித்திரை பிரிஞ்சிருக்குன்னு சொல்லி உடனே ஆபரேஷன், கண்ணுக்குள்ள இருந்த ஜெல்லை எடுத்துட்டு கேஸ் நிரப்பிட்டாங்க.

அந்த கேஸ் குமிழி மேல மிதக்கும், அது விழித்திரையை அழுத்திப் பிடிச்சாதான் ஒட்டும். பின்பக்கம் நல்லா அழுந்தணும்னா முகம் தரையைப் பார்த்துதான் இருக்கணும், மணிக்கு 50 நிமிஷம் கவுந்தபடி, 10 நிமிஷம் சாப்பிட, பாத்ரூம் போக. எனக்கு இப்படி ஒரு வாரம். மல்லாக்கப் படுக்கவே கூடாது.

முதல் ரெண்டு நாள் தலகாணியை மடிச்சு வச்சு, டேபிள்ல நெத்தியை முட்டுக் கொடுத்துதான் ஓட்டுனேன், கழுத்து ரெண்டா ஒடிஞ்ச மாதிரி வலி. வாடகை சேர் ஆபரேஷன் அன்னிக்கே வந்திருக்கணும், வந்தது மூணாவது நாள். முதல் சில நாள்தான் ரொம்ப முக்கியம்னு டாக்டர் சொல்லிருக்காரு, அதுல ரெண்டு நாள் போச்சு, இந்த கம்பெனி மேல எனக்கு இருக்கற பெரிய கோபம் இதுதான்.

ஆனா சேர் வந்ததுக்கு அப்புறம் நிலைமையே வேற. நெஞ்சை சாய்ச்சுக்க ஒரு பேட், முட்டியை ஊன ரெண்டு பேட், முகத்துக்கு நடுவுல ஓட்டை விட்ட வளையம், கைக்கு ஒரு பலகை, கீழ ஒரு சின்ன தட்டு. வளையத்தோட உயரம், சாய்வு ரெண்டையும் மாத்தலாம், கண்ணு மேல துளி அழுத்தம் வராம நெத்தியும் கன்ன எலும்பும் மட்டும் தாங்குற மாதிரி செட் பண்ண எனக்கு கால் மணி நேரம் ஆச்சு, அதுக்கப்புறம் கழுத்து வலி பாதி குறைஞ்சிடுச்சு. அந்த கீழ்த்தட்டுலதான் போனை வச்சுப்பேன். வீடியோ கால்ல என் பொண்ணு "அப்பா ஏன் மேல இருந்து பாக்குறீங்க"ன்னு கேட்டா, அவளும் போனை தரையில வச்சிட்டு அது மேல குனிஞ்சுகிட்டே பேசுனா. ஒரு சொட்டு கண்ணீர் நேரா ஸ்கிரீன்ல விழுந்துச்சு, வீட்டுக்காரி அதைப் பார்த்துட்டு எதுவும் சொல்லல, பேச்சை மாத்திட்டா.

எங்க பேட்ச் கிளம்புற அன்னிக்கு எல்லாரும் வந்தாங்க. எனக்குத் தெரிஞ்சது பூட்ஸ் மட்டும்தான். லேஸை ரெட்டை முடிச்சு போடுறது எங்க சுபேதார் சாப், அந்த முடிச்சைப் பார்த்தே "ஜெய்ஹிந்த் சாப்"னு சொன்னேன், அவர் ஒண்ணும் பேசாம கீழ உக்காந்து சேருக்கு அடியில முகத்தை நீட்டி என்னைப் பார்த்தாரு. அதை நான் மறக்கவே மாட்டேன்.

ஒரு வாரம் கவுந்து இருந்தா முடிஞ்சுச்சு, ஊருக்குப் போயிடலாம்னு நெனச்சவன் நான். அப்படி இல்ல. விமானத்துக்குள்ள காத்தழுத்தம் 6000ல இருந்து 8000 அடி உயர மலை மேல இருக்கற மாதிரி குறையும், அப்போ கண்ணுக்குள்ள இருக்கற கேஸ் விரியும். 8000 அடி அளவுன்னா கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு பெருசாகும், கண்ணுக்குள்ள அதுக்கு ஏது இடம், அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்னு பார்வையே போயிடலாம். எனக்குப் போட்டது சி3எஃப்8ங்கற கேஸ், அது தானா கரைய 6ல இருந்து 8 வாரம். எஸ்எஃப்6னு இன்னொண்ணு சுமார் ரெண்டு வாரத்துல கரைஞ்சிடும். சிலிக்கான் ஆயில் போட்டா பறக்கலாமேன்னு கேட்டேன், அதை வெளிய எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேணும், உங்க கண்ணுக்கு இதுதான் சரின்னு டாக்டர் பொறுமையா சொன்னாரு. கையில ஒரு பட்டை கட்டுவாங்க, பறக்கக் கூடாது, நைட்ரஸ் ஆக்சைடு மயக்க மருந்து கொடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கும், அதை எதுக்காகவும் கழட்டாதீங்க.

கவுந்து இருக்கற வாரம் முடிஞ்சும் நான் சேரை திருப்பித் தரல, மல்லாக்கப் படுக்க முடியாததால மத்தியானம் அதுலதான் சாய்ஞ்சு கிடந்தேன். நிமிந்து உக்காந்தா கண்ணுக்குள்ள தண்ணி மட்டம் மாதிரி ஒரு கோடு தெரியும், அதுக்கு மேல தெளிவு, கீழ கலங்கல். தினமும் காலைல எதிர்ச் சுவத்து ஜன்னல் கம்பியை வச்சு அந்தக் கோடு எவ்வளவு இறங்கிருக்குன்னு பார்ப்பேன். கடைசில அது மிளகு அளவு உருண்டையா ஆகி, தலையை ஆட்டுனா உருண்டுச்சு. நாப்பத்தி ஒன்பதாவது நாள் எந்திரிச்சேன், அது இல்ல. ஆனா நமக்குத் தெரியலன்னா போதாது, டாக்டர் மிஷின்ல பார்த்து துளி கூட இல்லன்னு எழுதணும், அப்புறம் மிஷன் மெடிக்கல் ஆபீசர் கையெழுத்து, அப்புறம்தான் டிக்கெட். அதுக்கு இன்னும் நாலு நாள்.

சேர்ல குறைன்னா, முக வளையத்தோட ரெக்சின் வேர்த்து ஒட்டுது, கூட வந்த பேப்பர் உறை ரெண்டே நாள்ல தீந்துச்சு, நான் பனியன் துணியைச் சுத்திக்கிட்டேன். உயரமானவங்களுக்கு முட்டி பேட் கிட்டத்துல இருக்கு, மாத்த வழியில்ல. படுக்கைக்குன்னு கொடுத்த ஃபோம் துண்டு அமுங்கிப் போகுது, அது வேண்டவே வேண்டாம், கழுத்துக்குப் போடுற ரெண்டு யூ தலகாணியே போதும்.

ஆபரேஷன் தேதி தெரிஞ்சவுடனே சேரை வரவச்சு, கண்ணு நல்லா இருக்கும்போதே உக்காந்து அளவு செட் பண்ணி வச்சுக்கோங்க. என்னை மாதிரி அவசர ஆபரேஷன்னா கூட இருக்கறவங்களை விட்டு அன்னிக்கே போன் அடிக்கச் சொல்லுங்க.