பழைய ஹைலக்ஸ்: இஞ்சினைப் பிரித்துச் செய்வதா, மாற்றுவதா?

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றும் பழைய டொயோட்டா டீசல் ஹைலக்ஸ் பிக்கப் புகை கக்கத் தொடங்கினால் இரண்டு வழிதான். இருக்கும் 2எல் (2L) என்ற வகை இஞ்சினைப் பிரித்துச் செய்யலாம். அல்லது கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பான் பழைய இஞ்சின் ஒன்றை வாங்கிப் போடலாம்.

அதற்கு முன் நோயைப் பாருங்கள். ஓடும் இஞ்சினின் ஒயில் மூடியைத் திறந்ததும் குப்குப்பென்று புகை தள்ளினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்கோ பிஸ்டன் ஓடும் சிலிண்டரோ தேய்ந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை என்றால் பெரும்பாலும் வால்வு வழியே ஒயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்தான் தேய்ந்திருக்கும். அதற்குப் போய் முழு இஞ்சினையும் இறக்க வேண்டாம். றேடியேட்டரில் குமிழி வந்தால் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் கீழுள்ள கஸ்கட் போயிருக்கும், இல்லையேல் ஹெட்டில் வெடிப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அதையே வருடக்கணக்காக ஊற்றினால் உள்ளே படிந்து அடைத்து, சூடேறி, கடைசியில் ஹெட்டில்தான் போய் முடியும்.

பிரித்துச் செய்தால் நாள் இழுக்கும். ஆனால் 92 மி.மீ. போரை (சிலிண்டரின் உள் விட்டத்தை) அளந்து, கடைந்து, அதற்கேற்ற சற்றுப் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போடுவதால் உள்ளே இருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

மாற்றினால் வேலை சட்டென்று முடியும். 2எல்லைவிடப் பெரிய 2779 சிசி 3எல் (3L) இஞ்சின் கிடைத்தால் இழுவையும் கூடும். ஆனால் அது எப்படி ஓடிய இஞ்சினோ! கொம்பிரசன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்) பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இஞ்சின் நம்பரையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும். இந்த அலைச்சலைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

புளொக்கும் (சிலிண்டர்கள் உள்ள இஞ்சின் உடல்) கிராங்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நன்றாக இருந்தால் நான் பிரித்துத்தான் செய்வேன்.