வெள்ளை அட்டையா, எக்ஸெல்லா, கணிப்பானா, பிளக் மீட்டரா: வீட்டுக் கரண்ட் கணக்குக்கு எது உதவும்?

கரண்ட் பில் வந்ததும் எல்லார் வீட்டிலும் முதலில் பார்ப்பது ரூபாயைத்தான். வீட்டின் மின்சாரத்தையும் கார்பன் தடத்தையும் (நம் உபயோகத்தால் காற்றில் கலக்கும் கார்பன் டை ஆக்ஸைடின் அளவு) கணக்கு வைக்க நினைப்பவர் முதலில் விட வேண்டியதும் அந்தப் பழக்கத்தைத்தான். 2022 செப்டம்பரில் வந்து, பிறகு மாறிவிட்ட தமிழ்நாட்டுக் கட்டணத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் பில் 1,725 ரூபாய். 510 ஓடியிருந்தால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த பாதி விலை போய்விடும். மேலே போன பத்துக்கு எட்டு ரூபாய் வீதம் தனி. ஆனால் அந்தப் பத்து யூனிட்டால் கூடுதலாகப் போன கார்பன் டை ஆக்ஸைடு ஏழு கிலோதான். இன்னொரு பக்கம், முதல் 100 யூனிட்டுக்குக் காசே இல்லை. அதற்கும் நிலக்கரி எரியத்தான் செய்கிறது.

ஆகவே ரூபாயை ஓரமாக வைத்துவிட்டு, யூனிட்டைப் பின்தொடர நம் கையில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். நான்கு வழிகள் உண்டு. நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதுதான் சிக்கல்.

முதலாவது, ஏற்கெனவே நம்மிடம் இருப்பது: மீட்டர் பெட்டிக்குள் செருகி வைத்த வெள்ளை அட்டை, போனில் வரும் எஸ்எம்எஸ், மின்வாரியத் தளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டால் வரும் பழைய கணக்கு. செலவு பூஜ்யம், உழைப்பும் பூஜ்யம். சென்ற ஏப்ரல்-மே எவ்வளவு, இந்த ஏப்ரல்-மே எவ்வளவு என்று பார்க்க இதுவே போதும். ஒப்பிடுவதானால் அப்படித்தான் ஒப்பிட வேண்டும். மார்கழியில் ஓடியதைக் கத்திரி வெயிலில் ஓடியதோடு வைத்துப் பார்த்து "கூடிப் போச்சு" என்று பதறுவதில் அர்த்தமில்லை.

இதன் ஓட்டை நாள் கணக்கில் இருக்கிறது. ரீடிங் எடுப்பவர் 60-ஆம் நாளில்தான் வருவார் என்று இல்லை. நாளைக்கு 8 யூனிட் ஓடும் வீட்டில் 60 நாளில் வந்தால் 480, 64 நாளில் வந்தால் 512. வீட்டில் யாரும் எதையும் கூடுதலாகப் போடவில்லை, ஆனாலும் 500 தாண்டிவிட்டது. கதவு பூட்டியிருந்தால் முந்தைய கணக்கை வைத்து ஒரு தொகையைப் போட்டு அடுத்த முறை சரிக்கட்டுவார்கள். அந்த இரண்டு வரிகளும் நம் கணக்குக்கு உதவாது. இதற்கு மருந்து எளிது. யூனிட்டை நாட்களால் வகுத்து, "ஒரு நாளைக்கு இத்தனை" என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வகுத்தலை அட்டை செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும்.

அங்கேதான் இரண்டாவது வழி வருகிறது: நோட்டு அல்லது எக்ஸெல். என் ஓட்டு இதற்குத்தான், இப்போதே சொல்லிவிடுகிறேன். மாதம் பிறந்ததும் மீட்டரை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். மின்னணு மீட்டரில் தேதி, நேரம், உச்ச கிலோவாட் என்று ஒவ்வொன்றாக ஓடும். யூனிட் எண் வரும்வரை கொஞ்சம் நிற்க வேண்டும். போட்டோவிலேயே தேதி பதிந்திருக்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏற்றிக்கொள்ளலாம். ரீடிங் எடுப்பவர் எப்போது வந்தார் என்ற கவலையே இல்லை.

எக்ஸெல்லின் உண்மையான பலம், கரண்டுக்குப் பக்கத்திலேயே கேஸையும் உட்கார வைக்கலாம் என்பது. 14.2 கிலோ சிலிண்டர் முழுதாக எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. மின்சாரத்துக்கு, மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் நாடு தழுவிய சராசரி இருக்கிறது. 2022-23க்கு அது ஒரு யூனிட்டுக்கு 0.716 கிலோ. 0.72 என்று வைத்துக்கொண்டால் கணக்கு லேசாகும். 61 நாளில் 380 யூனிட் ஓடும் வீடு, 42 நாளுக்கு ஒரு சிலிண்டர் என்றால், கேஸில் நாளுக்கு 1 கிலோ, கரண்டில் நாளுக்கு 4.5 கிலோ. சமையலறையில் எவ்வளவுதான் சிக்கனம் பிடித்தாலும் அந்த வீட்டின் கணக்கு ஏசியிலும் ஃப்ரிட்ஜிலும்தான் தீரும் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். எந்தப் பில்லும் இதைத் தனியாகச் சொல்லாது.

கேஸில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பெனி ஆப்பில் இருப்பது சிலிண்டர் வந்த தேதி. நமக்கு வேண்டியது மாட்டிய தேதி. இரட்டைச் சிலிண்டர் வீட்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம்கூட ஓடியிருக்கும். நம் அம்மாக்கள் தினசரி காலண்டர் தாளில் "கேஸ் மாத்தியாச்சு" என்று கிறுக்கி, அந்தத் தாளைக் கிழிக்காமல் ஆணியிலேயே விட்டுவைப்பது சும்மா இல்லை.

சராசரி எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பந்தலிலும் பல்லடம் பக்கத்திலும் காற்றாலைகள் சுழன்றடிக்கும் ஆடி மாதத்தில் நம் கரண்ட் சுத்தம்தானே, ஏன் அகில இந்தியச் சராசரி என்று கேட்கலாம். 2013 டிசம்பர் 31-ல் ரெய்ச்சூர்-சோலாப்பூர் தடம் இணைந்ததிலிருந்து தெற்கும் வடக்கும் ஒரே கிரிட், அதாவது ஒரே மின் வலைப்பின்னல். நம் பிளக்கில் வருவது எந்த ஊர் மின்சாரம் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அந்த எண்ணை எக்ஸெல்லில் ஒரே கட்டத்தில் போட்டு, ஆண்டையும் பக்கத்தில் எழுதி, எல்லா வரியும் அதையே பார்க்கும்படி வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆண்டுக்கொரு எண் மாற்றிக்கொண்டே போனால், குறைந்தது நம் உபயோகமா நாட்டின் நிலக்கரியா என்று பிறகு பிரிக்க முடியாது.

மூன்றாவது, இணையத்தில் கொட்டிக் கிடக்கும் கார்பன் கணிப்பான்கள். இவற்றைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. பல, குளிர் நாட்டு வீடுகளுக்காகச் செய்தவை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணிப்பான் அந்நாட்டு அஞ்சல் குறியீட்டை வைத்து மின்சாரத்தைக் கணக்கிடும். சூடேற்றும் எண்ணெய், குழாய் எரிவாயு என்று கேட்கும். ஆறு இலக்கப் பின்கோடு வைத்திருக்கும் நமக்கு அங்கே என்ன வேலை? இந்தியாவுக்கென்று செய்தவற்றிலும், "மாதக் கரண்ட் பில் எத்தனை ரூபாய்" என்று கேட்டாலே மூடிவிடலாம். ரூபாயிலிருந்து யூனிட்டுக்குப் போவது எவ்வளவு கோணல் என்று மேலே பார்த்தோம். இரண்டு மாத பில்லை அப்படியே மாத பில் என்று போட்டுவிட்டு, தான் பெரும் பாவி என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. கடைசியில் "நீங்கள் இத்தனை மரம் நட வேண்டும்" என்று ஒரு பச்சைப் படம் வரும். எந்த எண்ணால் பெருக்கினார்கள் என்பது மட்டும் வராது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் இவை எக்ஸெல்லை மிஞ்சும். விமானப் பயணம், பஸ், பைக், சாப்பாடு என்று பில்லில் வராதவற்றைக் கேட்கும். வருடத்துக்கு ஒரு தடவை, வீட்டுக் கரண்ட் மொத்தத்தில் எத்தனை பங்கு என்று அறிய உட்காரலாம். மாதாமாதம் பின்தொடர இது தோதுப்படாது.

நான்காவது பிளக் மீட்டர். சுவர் சாக்கெட்டில் செருகி, அதன்மேல் பொருளைச் செருகினால் எத்தனை வாட், எத்தனை யூனிட் என்று காட்டும். மற்ற மூன்றும் "எவ்வளவு" என்று சொல்லும். இது ஒன்றுதான் "எது" என்று சொல்லும். பழைய ஃப்ரிட்ஜ் நாளுக்கு 2 யூனிட் இழுத்தால் இரண்டு மாதத்தில் 120. புது ஃப்ரிட்ஜின் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மாற்றலாமா வேண்டாமா என்று கடைக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜை மட்டும் ஒரு நாள் முழுக்க விட்டு அளக்க வேண்டும். கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்பதால் பத்து நிமிட அளவு பொய் சொல்லும். ஏசி லேபிள் 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்ட கணக்கு என்பதையும் நினைவில் வைக்கவும். இரவு முழுக்க, வருடத்தில் எட்டு மாதம் போடுகிற வீட்டுக்கு அந்த எண் செல்லாது. அணைத்த பிறகும் 10 வாட் இழுக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ் இரண்டு மாதத்தில் 14 யூனிட்டைத் தின்றுவிடும்.

குறை என்னவென்றால், வீட்டின் பெரிய தீனிக்காரர்களில் பாதிப் பேருக்குப் பிளக்கே கிடையாது. சீலிங் ஃபேன், மோட்டார் எல்லாம் நேரடி வயரிங். ஏசிக்கும் கீஸருக்கும் 16 ஆம்பியர் தாங்கும் மீட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். சின்னதைப் போட்டால் உருகிவிடும். ஃபேனுக்கு அளக்கவே வேண்டாம், கணக்குப் போட்டாலே போதும்: 75 வாட் ஃபேன் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 54 யூனிட், குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் 22-க்குள். மூன்று ஃபேன் மாற்றினால் 97 யூனிட், சுமார் 70 கிலோ கார்பன் மிச்சம்.

மற்றவற்றுக்குக் காசில்லாத ஒரு வழி இருக்கிறது. மின்வாரிய மீட்டரில் மினுக்கும் சின்ன சிவப்பு விளக்கைப் பாருங்கள். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், ஒரு நிமிடத்தில் 16 தடவை மினுக்கினால் 300 வாட் ஓடுகிறது என்று பொருள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் போட்டு எண்ணினால் மோட்டாரின் பசி தெரிந்துவிடும். எல்லாம் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினால், இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எனவே பிளக் மீட்டர் ஒரு மாதம் போதும். தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். தி.நகரில் சோதனையாக வந்த ஸ்மார்ட் மீட்டர் எல்லா ஊருக்கும் வந்துவிட்டால் மணிக்கு மணி யூனிட் கணக்கு தானாகவே வரும். அப்போதும் ஃப்ரிட்ஜையும் ஏசியையும் அது பிரித்துக் காட்டாது.

கணக்கை வைத்து முடிவெடுக்கும்போதுதான் எக்ஸெல்லின் அருமை தெரியும். கேஸை விட்டு இன்டக்ஷனுக்குப் போனால் கார்பன் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். அதில் அறுபது, அறுபத்தைந்து சதவீதம் பாத்திரத்துக்குப் போகிறது. அதே சமையலை இன்டக்ஷனில் செய்ய 130 யூனிட்டாவது வேண்டும். அது 90 கிலோவுக்கு மேல். எதிரே கேஸின் 42 கிலோ. வாயுவைத் தோண்டி, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும் செலவைச் சேர்த்தாலும் இன்றைய கிரிட்டில் கேஸ்தான் முன்னால் நிற்கிறது. பணத்துக்காகவோ, சமையலறைப் புகைக்காகவோ இன்டக்ஷன் வாங்குங்கள். கார்பனுக்காக என்றால் கூரையில் சோலார் போட்டிருக்க வேண்டும்.

சோலார் போட்டவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் பல கூரைகளில் பலகை ஏறிவிட்டது. அவர்கள் பில் காட்டுவது கழித்தது போக மிச்சம். பில் பூஜ்யமாகிவிட்டதே என்று இரண்டாவது ஏசியைப் போட்டாலும் பில்லில் தெரியாது. அவர்களுக்கு எக்ஸெல்லில் மூன்று பத்தி வேண்டும்: பலகையில் விளைந்தது, கிரிட்டுக்குக் கொடுத்தது, கிரிட்டிலிருந்து வாங்கியது. விளைந்ததில் கொடுத்ததைக் கழித்து, வாங்கியதைக் கூட்டினால் வீடு உண்மையில் தின்றது. முதல் எண் இன்வெர்ட்டர் ஆப்பில் இருக்கும், மற்ற இரண்டும் நெட் மீட்டரில் ஓடும். இணையக் கணிப்பான் எதிலாவது இந்த மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் இல்லை.