பழைய காரின் சாவியும் வயரிங்கும்: டர்பனில் சில வருட அனுபவம்

என் கார் 2004 மாடல் ஹேட்ச்பேக். வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில்; வேலை டர்பன் துறைமுகப் பக்கம். பகல் முழுக்க வண்டி உப்புக் காற்றில்தான் நிற்கும். இஞ்சினும் கியர்பாக்ஸும் இன்றுவரை தொந்தரவு கொடுத்ததில்லை. கொடுத்ததெல்லாம் சாவியும் வயரிங்கும்தான். இந்த இரண்டுக்காகவே நல்ல வண்டியைப் பலர் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை.

முதலில் சாவி. பட்டன் விட்டு விட்டு வேலை செய்ததும் டீலர் கவுண்டரில் காட்டினேன். புதுச் சாவிதான் வழி என்று ஆயிரக்கணக்கான ராண்டு கணக்கு சொன்னார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சாவிக்குள் இருப்பவை மூன்று தனித்தனிச் சாமான்கள். கதவையும் இக்னிஷனையும் திருப்பும் உலோகத் தகடு ஒன்று. வட்டமான குட்டி பேட்டரி செல்லில் ஓடும் ரிமோட் ஒன்று. இங்கே பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். மூன்றாவது இம்மொபிலைசர் சிப், அதாவது சரியான சாவி இல்லாமல் இஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பின் சிப். அதற்கு செல்லே வேண்டாம். இக்னிஷன் பூட்டைச் சுற்றியிருக்கும் காயிலிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பட்டன் வேலை செய்யாமல் வண்டி ஸ்டார்ட் ஆனால் பழுது ரிமோட் பக்கம். ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் நின்று, டேஷ்போர்டில் இம்மொபிலைசர் விளக்கு மினுக்கினால் சிப்பையோ காயிலையோ பார்க்க வேண்டும். இரண்டு சாவியிலும் ஒரே கோளாறு என்றால் அனேகமாகச் சாவியின் மேல் தப்பில்லை, காரில்தான்.

என் சாவியில் செல்லை மாற்றியும் பலன் இல்லை. பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது பூட்டும் பட்டனின் குட்டி ஸ்விட்ச் காலைச் சுற்றி ஈயப்பற்றில் முடி அளவு கறுப்பு வளையம் தெரிந்தது. வருடக்கணக்கில் அழுத்தி அழுத்தி விட்ட விரிசல். புது ஈயம் ஒரு துளி வைத்ததும் சரியாகிவிட்டது. இன்றும் அதே சாவிதான். பிரிக்கும்போது ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சிப் பல மாடல்களில் போர்டில் இருக்காது, கூட்டின் மூலையில் அரிசி பெரிசில் தனியாகக் கிடக்கும். புதுக் கூடு மாற்றுபவர்கள் அதை எடுத்துவைக்காமல் பழைய கூட்டோடு குப்பையில் போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

செல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்லின் மேல் சிஆர்2032 என்று போட்டிருந்தால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். மீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறதே என்று பழைய செல்லை நம்பக் கூடாது. பட்டனை அழுத்தும் கணத்தில் அது இறங்கிவிடும். குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்களும் வருகின்றன. நல்ல விஷயம்தான், ஆனால் சில சாவிகளில் அந்தப் பூச்சு தொடுப்பைத் தடுக்கிறது. செல் புதிது, ரிமோட் மட்டும் செத்துக்கிடக்கிறது என்றால் பூச்சில்லாத செல்லைப் போட்டுப் பாருங்கள். கழற்றிய செல்லைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

சாவி நன்றாக இருந்தும் வண்டி பூட்டவில்லை என்றால், தென்னாப்பிரிக்காவில் இன்னொன்றையும் சந்தேகப்பட வேண்டும்: ரிமோட் ஜாமிங். மால் பார்க்கிங்கில் யாராவது அதே அலைவரிசையில் வேறொரு ரிமோட்டை அழுத்திப் பிடித்திருந்தால் நம் சிக்னல் வண்டிக்குப் போய்ச் சேராது. நாம் பூட்டிவிட்டதாக நினைத்துப் போய்விடுவோம். நான் எப்போதும் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். பூட்டவில்லை என்றால் சாவியைப் போட்டுத் திருப்பிப் பூட்டுவேன். அதற்காகவே கதவுப் பூட்டின் துளையில் அவ்வப்போது கிராஃபைட் தூள் போடுகிறேன். ரிமோட் பழகிய வண்டிகளில் அந்தப் பூட்டைத் தொடுவதே இல்லை, உப்புக் காற்றில் இறுகிவிடுகிறது.

அப்புறம் வயரிங். லாங் வீக்கெண்டில் வண்டியை நிறுத்தி வைத்தால் செவ்வாய்க்கிழமை பேட்டரி படுத்துவிடும். பக்கத்துத் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் புது பேட்டரி வாங்கலாமா என்று கேட்டேன். "பேட்டரி கிடக்கட்டும் தம்பி, ராத்திரியில யாரு தின்றான்னு பாரு" என்றார். நெகடிவ் முனையைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியரில் வைத்து நடுவில் கோத்தோம். கதவுகளைச் சாத்தி, உள்ளே இருக்கும் மாட்யூல்கள் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள்) தூங்கும்வரை அரைமணி காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பொய்க் கணக்கு வரும். மீட்டர் 0.4 ஆம்பியரில் நின்றது. 0.05க்குள் இருக்க வேண்டியது. மூன்று நாளில் சுமார் 29 ஆம்பியர்-மணி காலி, என் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவோ 45 ஆம்பியர்-மணி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனதில் முந்தைய உரிமையாளர் போட்ட அலாரம் சிக்கியது. அதன் சைரனுக்குள் இருந்த பழைய பேட்டரி கசிந்து, ஓயாமல் மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. சைரனை எடுத்ததும் 0.03. இங்கே எந்தப் பாதுகாப்புச் சாதனம் இருக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் பாலிசியில் நிபந்தனை இருக்கலாம்; கேட்டுவிட்டுக் கழற்றுவது நல்லது.

இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்குவது, கண்ணாடி நொண்டி நொண்டி ஏறுவது என் வண்டியில் இரண்டுக்கும் காரணம் எர்த் கம்பி, அதாவது பேட்டரி நெகடிவை இஞ்சினோடும் வண்டி உடம்போடும் சேர்க்கும் கம்பி. ஸ்டார்ட்டர் இஞ்சினைச் சுழற்றும்போது பேட்டரி நெகடிவுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே 0.9 வோல்ட். அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், குறைய குறைய நல்லது. இணைப்பைக் கழற்றி, பச்சை பூத்த செம்பைத் தேய்த்து, புதுப் பட்டைக்கம்பி போட்டு, மேலே வாசலின் தடவினோம். செலவு மிகக் குறைவு. என் கணக்கில் கடலோரத்தில் இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை. வருடா வருடம் திறந்து பார்க்கிறேன்.

டிரைவர் கதவு விஷயம்தான் நீண்டு இழுத்தது. கதவுக்கும் அது மாட்டியிருக்கும் வண்டியின் தூணுக்கும் நடுவில் ரப்பர் குழாய்க்குள் போகும் வயர்கள் மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்திருந்தன. ஒரு வொர்க்‌ஷாப்பில் அந்த மடிப்பிலேயே ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள். வருடம் திரும்புவதற்குள் மறுபடி அறுந்தது. ஈயம் வைத்த இடம் விறைத்துவிடும், அதன் ஓரத்தில் வயர் முறியும். அண்ணன் சிலிகான் உறையுள்ள மெல்லிய வயரை முழு நீளத்துக்குப் போட்டு, ஒட்டுகளைக் கதவுக்கு உள்ளேயும் தூணுக்கு உள்ளேயும் தள்ளி வைத்தார். அது அசையாமல் நிற்கிறது.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள், இரண்டிலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒரு சாவி கையில் இருந்தால் பல மாடல்களில் இன்னொன்று செய்துகொள்ளலாம். கடைசிச் சாவியும் தொலைந்தால் இம்மொபிலைசர் பெட்டியையே கழற்றி புரோகிராம் செய்ய வேண்டிவரலாம், செலவு பல மடங்கு.