கிராஸ்ரோட்ஸா, சின்னர்ஸா?

அமெரிக்காவின் மிசிசிப்பி, ப்ளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசை, சாத்தான் பயம். இரண்டு படங்களுக்கும் சரக்கு ஒன்றுதான். 1986-இல் வந்த வால்டர் ஹில்லின் 'கிராஸ்ரோட்ஸ்' படத்தில் பழைய ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் தொலைந்த பாட்டைத் தேடிப் போவது ஒரு வெள்ளைக்காரப் பையன். கடைசி கிட்டார் போட்டியில் அவன் ஜெயிப்பதும் ப்ளூஸால் அல்ல, மேற்கத்திய செவ்வியல் இசையால்! ரை கூடரின் இசைக்காக ஒருமுறை பார்க்கலாம், சரி.

ரையன் கூக்லரின் 'சின்னர்ஸ்' (2025) வேறு ரகம். 1932, மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் ஊர். கறுப்பின மக்கள் ஆடிப்பாடும் கூடத்தின் வாசலில் ரத்தக்காட்டேரிகள் நின்று உள்ளே விடச் சொல்லிக் கேட்கின்றன. அவற்றின் தலைவனுக்கு ரத்தம் மட்டும் போதாது; பாடகன் சாம்மியின் இசையும் வேண்டும். அந்த இசையில் முன்னோரும் இனி வரப்போகிறவர்களும் ஒன்றாக ஆடும் காட்சிக்காகவே என் ஓட்டு இதற்கு. அப்புறம், எழுத்து ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். ப்ளூஸ் கிட்டார் மேதை பட்டி கை வருகிறார்.